மூச்சுக் குழாய் போடாததால்தான் பெரியப்பா போனாரா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பாவுக்கு 61 வயது. காலையில் முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தாராம். கை கால் கொஞ்சம் இழுத்திருக்கிறது. வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள், தலைக்குத் தலையணை வைத்திருக்கிறார்கள். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே நெஞ்சை அழுத்தினார்கள், முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பையை அமத்தினார்கள், தொண்டைக்குள் ரியூப் போட்டது கனநேரம் கழித்துத்தான். 40 நிமிடம் போராடிவிட்டு டொக்டர் வெளியே வந்து கையை விரித்துவிட்டார்.

தம்பியின் கேள்விகள் மூன்று. போன உடனே ரியூப் போட்டிருந்தால் பெரியப்பா தப்பியிருப்பாரா? வீட்டில் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? அப்பாவுக்கும் நெஞ்சு வருத்தம் இருக்கிறது, பகலில் அம்மா மட்டும்தான் அவரோடு வீட்டில், அம்மா 45 கிலோகூட இல்லை, அவரால் இதையெல்லாம் செய்ய முடியுமா?

நான் 25 வருடத்துக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஐ.சி.யு.விலும் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்தவன். இந்த முதல் கேள்வியை எத்தனையோ பிள்ளைகள் வோர்ட் வாசலில் வைத்து என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நின்று விளக்கமாகச் சொல்ல அப்போது நேரம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

தம்பி, ரியூப் பிந்தியதால் உங்கள் பெரியப்பா போகவில்லை. மாஸ்க்கும் பையும் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டு நெஞ்சை விடாமல் அழுத்தியது சரியான வைத்தியம். ரியூப்பைப் பிறகு பார்ப்போம் என்று அவர்கள் முடிவெடுத்ததும் பிழையான முடிவு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் எல்லாவற்றையும் 'ஹார்ட் அற்றாக்' என்று சொல்லிவிடுகிறோம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது. அப்போது ஆள் வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே இருப்பார். இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பால் அது நடக்கலாம், வேறு பத்துக் காரணங்களாலும் நடக்கலாம். பலருக்கு இதயம் ஒரேயடியாக நிற்பதில்லை. அதன் மின்னோட்டம் குழம்பி, தசை முழுக்க ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கும். துடிப்பு இருக்கும், ஆனால் ஒரு சொட்டு இரத்தமும் வெளியே போகாது. 10 செக்கனுக்குள் நினைவு போய்விடும். மூளைக்கு இரத்தம் இல்லாத அந்தக் கணத்தில் சிலருக்குக் கை கால் இழுக்கும். அதைத்தான் வலிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அதில் உங்கள் வீட்டாரின் பிழை எதுவும் இல்லை, பார்க்க அச்சொட்டாக வலிப்பு மாதிரியேதான் இருக்கும்.

அதைவிட ஏமாற்றுவது அந்த மூச்சு. நீங்கள் 'விட்டு விட்டு வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். கரையில் கொட்டிய மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அப்படி. ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி, இன்னொரு இழுப்பு, சில நேரம் குறட்டை மாதிரி ஒரு சத்தம். இதயம் நின்றவர்களில் பத்தில் நான்கு பேருக்கு அளவில் இது வரும். மூச்சு இருக்கிறதே என்று சுற்றி நிற்பவர்கள் நெஞ்சில் கை வைக்கத் தயங்குவார்கள். அது மூச்சு இல்லை. மூளையின் அடித்தண்டு கடைசியாக உதைக்கும் உதை. ஆள் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சு வழமையான மூச்சாக இல்லை என்றால், நாடி பார்த்து நேரத்தைப் போக்காமல் அழுத்தத் தொடங்க வேண்டும். நாடி பார்ப்பது பழகிய எங்களுக்கே அந்தப் பதற்றத்தில் பிழைத்துப்போகும்.

அழுத்துவது என்ன செய்கிறது? நம் பக்கத்துக் குழாய்க்கிணற்றுப் பம்பை நினைத்துப் பாருங்கள். முதல் நாலைந்து அடிக்குத் தண்ணீர் வராது, வெறும் காற்றுச் சத்தம்தான். பிறகு மெல்ல ஏறி வந்து கொட்டும். கையை எடுத்தால் உடனே கீழே இறங்கிவிடும், திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டும். நெஞ்சும் அப்படித்தான். அழுத்த அழுத்தத்தான் இதயத்தின் சொந்த இரத்தக் குழாய்களுக்குள் அமுக்கம் ஏறும். அது ஏறினால்தான் இதயம் மறுபடி ஓட வாய்ப்பு. 'கொஞ்சம் பொறுங்கோ, பார்ப்பம்' என்று பத்து செக்கன் நிறுத்தினால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும்.

1960 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை உலகத்துக்குச் சொன்ன மூவரில் முதல் பெயர் கூவன்ஹோவன் என்ற மின்பொறியியலாளருடையது. நாயின் நெஞ்சில் மின் ஷொக் கொடுக்கும் கனமான தகடுகளை அழுத்தி வைக்கும்போதே இரத்த அமுக்கம் ஏறுவதை அவர்கள் கவனித்தார்கள். அதற்கு முன் நின்ற இதயத்தைத் திரும்ப ஓட வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் நெஞ்சைப் பிளந்து கையால் பிசைய வேண்டியிருந்தது. ஒரு தகட்டின் பாரத்தைக் கவனித்த கண்ணால்தான் இன்று முற்றத்தில் வைத்தே ஓர் உயிரைப் பிடித்து வைக்க முடிகிறது. வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு தடவை நெஞ்சில் கை வைக்கும்போதும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, மூச்சு விசயத்துக்கு வருகிறேன். திடீரென இதயம் நின்ற பெரிய ஆளின் இரத்தத்தில் அந்தக் கணம்வரை சுவாசித்த ஒட்சிசன் நிறையவே இருக்கும். முதல் சில நிமிடங்களுக்கு இல்லாமல் போவது ஒட்சிசன் இல்லை, அதைக் கொண்டுபோகும் ஓட்டம்தான். அதனால்தான் பழக்கமில்லாதவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கினால், நெஞ்சை மட்டுமாவது விடாமல் அழுத்துங்கள் என்று சொல்கிறோம். பழகியவர் என்றால் 30 அழுத்து, 2 மூச்சு.

மூச்சு உள்ளே போக வழி திறந்திருக்க வேண்டும். நினைவு போனவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். 1950களின் கடைசியில் பீற்றர் சபார் என்ற மயக்க மருந்து நிபுணர், தாமாக முன்வந்தவர்களை மயக்கிப் படுக்க வைத்து இதைச் சோதித்துக் காட்டினார். தலையைப் பின்னால் சாய்த்து நாடியை, அதாவது மோவாயை, தூக்கினால் அடைப்புத் திறக்கிறது. அவ்வளவுதான், வெறும் இரண்டு கைதான் கருவி. ஆனால் நம் வீடுகளில் செய்வது இதற்கு நேர் எதிர். விழுந்தவருக்குத் தலையணை வைப்போம், இல்லையென்றால் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் நாடி நெஞ்சில் முட்டி, இருந்த கொஞ்ச வழியும் மூடிவிடும். தலையணையை உருவி எறிந்துவிட்டு ஆளை மட்டமான தரையில் கிடத்த வேண்டும். கட்டில் மெத்தையிலும் வேண்டாம், அழுத்தும் பலமெல்லாம் மெத்தைக்குள்தான் போகும்.

இனி வைத்தியசாலையில் நடந்தது. தொண்டைக்குள் ரியூப் போடுவதை நீங்கள் கதவிடுக்கால் பார்த்திருப்பீர்கள். உள்ளே நிற்பவருக்கு அது எப்படி என்று சொல்கிறேன். தலைமாட்டில் ஒருவர் குனிந்து நிற்பார். இடது கையில் தொண்டைக்குள் பார்க்கும் லரிங்கோஸ்கோப், நுனியில் சின்ன வெளிச்சம். வாயைத் திறந்தால் காலையில் சாப்பிட்ட இடியப்பமும் சொதியும் மேலே வந்து நிற்கும். சக்ஷன் குழாயை விட்டால் சோற்றுப் பருக்கை போய் அதையே அடைக்கும். அதை உதறிவிட்டுத் திரும்ப விட வேண்டும். நாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, மேலே தூக்கினால், அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளையாக இரண்டு குரல் நாண்கள் தெரியும். அவற்றுக்கு நடுவே ரியூப் போக வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னால், விரலளவு தூரத்தில், களத்தின், அதாவது உணவுக் குழாயின் வாய். அதற்குள் போனால் நாம் ஊதுகிற ஒட்சிசன் முழுக்க வயிற்றுக்குத்தான். இவ்வளவும் நடக்கும்போது கீழே ஒருவர் நெஞ்சை அழுத்துவதால் தலை குலுங்கிக்கொண்டே இருக்கும்.

அங்கேதான் ஆபத்து. பல வருடங்களுக்கு முன், பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் இளம் டொக்டர் ஒருவர் ரியூப் போட முயன்றார். போகவில்லை. 'ஒருக்கா நிப்பாட்டுங்கோ' என்றார். அழுத்தியவர் கையை எடுத்தார். எல்லோருடைய கண்ணும் வாய்க்குள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் அந்த மனிதரின் மூளைக்கு ஒரு சொட்டு இரத்தம் போகவில்லை, ரியூப் கடைசியில் சரியான இடத்தில்தான் போய் இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. நானும் வாய் திறந்து 'அழுத்துங்கோ' என்று சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். இப்போதைய ஒழுங்கு தெளிவானது: அழுத்துவதை நிறுத்தாமலே லரிங்கோஸ்கோப்பை உள்ளே விட வேண்டும், நாண்களுக்கு நடுவே ரியூப் நுழையும்போது மட்டும் 5 செக்கனுக்குக் குறைவாக நிறுத்தலாம். அந்தக் கைத்தேர்ச்சி உள்ளவர் பக்கத்தில் இல்லையா, மாஸ்க்கும் பையும் போதும்.

இது என் ஒருவனுடைய அபிப்பிராயம் இல்லை. இங்கிலாந்தில் 9,000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018 இல் வெளிவந்தது. வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொண்டை ரியூப், மறு பகுதியினருக்கு ஐ-ஜெல் என்ற மென்மையான சாதனம். ஐ-ஜெல்லை நாண்களைப் பார்க்காமலே வாயால் தள்ளிக் குரல்வளையின் மேல் உட்கார வைத்துவிடலாம், சில செக்கன் வேலை. பிறகு தன் வேலையைத் தானே பார்க்கும் நிலையில் மீண்டவர்கள் ரியூப் பக்கம் 6.8 சதவீதம், ஐ-ஜெல் பக்கம் 6.4 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் வேறொரு எளிய சாதனத்தை வைத்துச் செய்த ஆய்வில், ரியூப் போட்டவர்களைவிட அந்தச் சாதனம் வைத்தவர்களே 72 மணித்தியாலத்தின் பின் கொஞ்சம் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள்.

மாஸ்க்கையும் பையையும் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அதைச் சரியாகச் செய்வதுதான் கஷ்டம். நான் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதலில் பழக்கியது இதைத்தான். ஒருவர் இரண்டு கையாலும் நாடியைத் தூக்கி மாஸ்க்கை முகத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், மற்றவர் பையை அமத்த வேண்டும். மாஸ்க்கைக் கீழே முகத்தில் அமத்தக் கூடாது, முகத்தை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். பல்லில்லாத வயோதிபருக்குக் கன்னம் உள்ளே விழுந்து காற்று ஒழுகும். பல்செட் இறுக்கமாக இருந்தால் அதைக் கழற்றாமல் விட்டால்தான் மாஸ்க் ஒட்டும், ரியூப் போடும்போது கழற்றிக்கொள்ளலாம். தாடி இருந்தாலும் இதே பாடு. பெரியவர்களுக்கான பையில் ஒன்றரை லீற்றர் அளவு காற்று இருக்கும். தேவை 500, 600 மில்லிலீற்றர்தான். ஒரு செக்கன் நேரத்தில், நெஞ்சு மெல்ல எழும்பும் அளவுக்கு அமத்தினால் போதும்.

பதற்றம் வந்தால் கை வேகமாகும். ஆளுக்கு மூச்சு வேண்டுமே என்று பையை அமத்து அமத்து என்று அமத்துவார்கள். அது உதவி இல்லை, தீங்கு. நெஞ்சறைக்குள் அமுக்கம் ஏறினால் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் தடைப்படும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பம்பில் தண்ணீர் இல்லை. மிச்சக் காற்று வயிற்றுக்குப் போய் வயிறு ஊதும், சாப்பாடு மேலே வரும், அது சுவாசப்பைக்குள் இறங்கும். ரியூப்போ ஐ-ஜெல்லோ போட்ட பிறகு 6 செக்கனுக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு 10. நான் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுவேன். 6 செக்கன் எவ்வளவு நீளம் என்று அந்த இடத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

அப்படியென்றால் ரியூப்பே வேண்டாமா? வேண்டும், அதற்குரிய நேரத்தில். பையால் நெஞ்சு எழும்பாதபோது, வாந்தி நிற்காதபோது, இதயம் திரும்ப ஓடத் தொடங்கி ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோகும்போது அதைவிட நல்ல வழி இல்லை. போட்டதும் அது சுவாசப்பைக்குப் போகும் வாதனாளிக்குள்தான் இருக்கிறதா என்று உறுதிப்படுத்த, வெளியே வரும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அளந்து திரையில் அலையாகக் காட்டும் கருவியைப் பார்க்க வேண்டும். அலை வரவில்லை என்றால் ரியூப் பிழையான இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே கழற்ற வேண்டும், வீம்புக்கு வைத்திருக்கக் கூடாது. அந்தக் கருவி இன்னொன்றும் சொல்லும். அழுத்துபவரின் கை களைத்தால் அந்த எண் இறங்கும், இதயம் தானாக ஓடத் தொடங்கினால் எண் திடீரென்று ஏறும். 20 நிமிடம் நன்றாக அழுத்திய பிறகும் 10க்கு மேல் வராமல் கிடந்தால் அது பெரும்பாலும் கெட்ட சேதி. உங்கள் பெரியப்பாவுக்குப் பிந்திப் போட்ட ரியூப்பும் கடைசியாக எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற முயற்சிதான்.

ஷொக், ஊசி பற்றிச் சுருக்கமாக. ஷொக் வேலை செய்வது குழம்பித் துடிக்கும் இதயத்தில். மொனிற்றரில் நேர்கோடு போன பிறகு ஷொக் கொடுத்துப் பயனில்லை, சினிமாவில் காட்டுவது தவறு. அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம், குழம்பிய துடிப்பு நிமிடங்கள் போகப் போகத் தளர்ந்து நேர்கோடாகிவிடும். அமெரிக்காவின் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கு ஷொக் கருவியைப் பழக்கி வைத்து, 2000 இல் முடிவை வெளியிட்டார்கள். இப்படிக் குழம்பித் துடித்த இதயத்தோடு விழுந்தவர்களில் 3 நிமிடத்துக்குள் ஷொக் கிடைத்தவர்கள் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனார்கள். பிந்திக் கிடைத்தவர்களில் 49. அட்றினலின் ஊசி நின்ற இதயத்தைத் திரும்ப ஓட வைக்க உதவுகிறது. ஆனால் 8,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 30 நாள் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்ட பக்கம் 3.2 சதவீதம், போடாத பக்கம் 2.4 சதவீதம். பலன் உண்டு, ஆனால் சிறியது. வைத்தியசாலையில் எங்கள் கையிலுள்ள எதுவும் முற்றத்தில் இழந்த நிமிடங்களைத் திருப்பித் தராது. அழுத்தலும் ஷொக்கும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம்வரை குறையும். ஓடுகிற ஓட்டோவின் பின் சீற்றில் மடக்கி இருத்திய ஆளின் நெஞ்சை யாராலும் அழுத்த முடியாது.

இதைச் சொல்வது உங்களை நோகடிக்க இல்லை, தம்பி. யாரும் உங்களுக்குப் பழக்கவில்லை. பழக்கியிருக்க வேண்டியது எங்களைப் போன்றவர்களின் கடமை.

இதுவரை சொன்னது பெரிய ஆள் திடீரென விழுவதைப் பற்றி. ஆனால் நாம் இருப்பது திருகோணமலையில், சுற்றிவரத் தண்ணீர். தண்ணீரில் மூழ்கியவருக்கு நான் சொன்ன ஒழுங்கு தலைகீழாகும். அங்கே இதயம் முதலில் நிற்பதில்லை, மூச்சுத்தான் முதலில் நிற்கும். இரத்தத்தில் இருந்த ஒட்சிசன் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் இதயம் நிற்கிறது. ஆகவே நெஞ்சை மட்டும் அழுத்தினால் ஒட்சிசன் இல்லாத இரத்தத்தைத்தான் சுற்றவிடுகிறோம். அவருக்கு முதலில் மூச்சு வேண்டும்.

நிலாவெளிக் கரையில் ஒரு மார்கழி மாதம், வாடைக் கடல். எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலம். ஒரு பெரியவர் அவன் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குலுக்கினார், தண்ணீர் வெளியே வரட்டும் என்று. நம் கரையோரங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இது. நான் அன்று விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தேன். அவர் கையைப் பிடித்து, 'ஐயா, கீழே கிடத்துங்கோ' என்றேன். தந்தார், அதற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். ஈர மணலில் கிடத்தி, நாடியைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊதினேன். வாயில் நுரை. அதைத் துடைத்துக்கொண்டிருக்கக் கூடாது, நுரை வந்துகொண்டேதான் இருக்கும், அதன் மேலேயே ஊத வேண்டும். ஐந்து மூச்சு. நாலாவதில் நெஞ்சு நன்றாக எழும்பியது. பிறகு அழுத்தத் தொடங்கினேன். ஒரு நிமிடம் இருக்கும், இருமினான். வாந்தி எடுத்தான், பக்கவாட்டில் புரட்டினோம், அழுதான். அந்த அழுகைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தலைகீழாகப் பிடித்தால் வருவது வயிற்றுத் தண்ணீர்தான். சுவாசப்பைக்குள் போனது அப்படி வராது. வயிற்றுத் தண்ணீரும் சாப்பாடும் வரும் வழியில் மூச்சு வழிக்குள் இறங்கும், அதைவிடக் கேடு, மூச்சுக் கொடுக்க வேண்டிய நிமிடங்கள் வீணாகும். 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை, கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பறிகொடுத்த காலை நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. தண்ணீருக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இந்த ஐந்து மூச்சு நீந்தத் தெரிவது போலத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

மூச்சு முந்தும் இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று கட்டுவிரியன் கடி. தரையில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் கடிக்கும், பலருக்கு வலிகூடத் தெரியாது. விடியும்போது இமை தூக்க முடியாது, பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசைகள் செயலற்றுப் போகும். இதயம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு யாராவது மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் விசம் இறங்கும்வரை உயிரோடு வைத்திருக்கலாம். இங்கே ரியூப்பும் வென்ரிலேற்றரும் உண்மையிலேயே உயிர் காப்பவை, கண் திறக்காமல் நாள் கணக்கில் கிடந்து எழும்பி நடந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மற்றது இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்நேர இடிமழையில் வயலில் நிற்பவர்கள் அகப்படுவார்கள். இடி விழுந்து நின்ற இதயம் தானாகவே திரும்ப ஓடத் தொடங்கலாம், ஆனால் மூச்சு இன்னும் சிறிது நேரம் வராது. அந்த இடைவெளியில் மூச்சுக் கொடுக்க ஆளில்லை என்றால் ஓடிய இதயம் மறுபடி நிற்கும். ஆகவே பலர் விழுந்து கிடந்தால், முனகுபவரை விட்டு அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். அவர் உடம்பில் மின்சாரம் இருக்காது, தயங்காமல் தொடலாம்.

மூன்றாவது கேள்வி, அம்மாவைப் பற்றியது. முடியும் தம்பி. ஆனால் கையின் பலத்தால் இல்லை, உடம்பின் பாரத்தால். அப்பா விழுந்தால் முதலில் போனை எடுத்து 1990 அடித்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை. வீட்டு வழியைச் சொல்லச் சந்தி, கோயில், கடை என்று ஒரு அடையாளத்தை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் வாயில் வராது. அடுத்ததாக வேலிக்கு மேலால் கத்தி அயலைக் கூப்பிட வேண்டும். பிறகு அப்பாவின் நெஞ்சுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ஒரு உள்ளங்கையின் அடியை நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் வைத்து, மற்றக் கையை அதன் மேல் கோத்து, முழங்கை மடியாமல், தோள் நேரே கைக்கு மேல் வரும்படி குனிய வேண்டும். அப்படிக் குனிந்தால் அம்மாவின் இடுப்புக்கு மேலுள்ள பாரம் முழுக்கக் கைக்குள் இறங்கும். 5 சென்ரிமீற்றர் கீழே போக வேண்டும், 6ஐத் தாண்டத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும், சாய்ந்தபடியே இருந்தால் இதயம் நிரம்பாது. நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது ஒரு செக்கனுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

விலா எலும்பு மளுக்கென்று சத்தம் கேட்கலாம். அம்மா அதற்குப் பயந்து கையை எடுத்துவிடுவார், அதனால் இப்போதே சொல்லி வையுங்கள்: விலா பொருந்தும், நிறுத்த வேண்டாம் என்று. இரண்டு நிமிடத்தில் யாருடைய கையும் தளரும், எனக்கும் தளர்ந்திருக்கிறது. அயலவர் வந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம், மாறும்போது இடைவெளி விடாமல் அடுத்தவர் எதிர்ப்பக்கத்தில் ஆயத்தமாக முழங்காலில் இருக்க வேண்டும். ஒருவரும் வராவிட்டால் களைத்த கையாலேயே தொடர வேண்டும்.

செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸும் பொம்மையை வைத்து இதைப் பழக்குவார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் பழகுங்கள். அதுவரைக்கும் தரையில் இறுக்கமாகச் சுருட்டிய பாய் ஒன்றை வைத்து, போனில் இரண்டு நிமிடம் நேரம் வைத்து, அம்மாவை எண்ணி எண்ணி அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். நாலைந்து நாள் செய்யட்டும், தோளைக் கைக்கு மேல் கொண்டுவரப் பழகினதும் எப்படி இலேசாகிறது என்று அவரே சொல்வார்.